கொம்பன் தீவுச் சாடி

உக்காரு தம்பி. மணல்தான், தட்டினா போயிரும். புதையலைப் பத்திக் கேக்கத்தானே வந்திருக்க? வேற எதுக்கு இந்த சின்னாண்டிவலசைக்கு ஒரு ஆளு வரப்போறான், இங்க என்ன கொட்டியா கிடக்கு? போன மாசம் ஒருத்தன் வந்தான், தாடியும் கேமராவுமா. "அம்மா, அந்தத் தீவைப் பாத்துக்கிட்டே பேசுங்க, கண்ணுல கொஞ்சம் தண்ணி வந்தா நல்லா இருக்கும்"னான். எனக்கு எதுக்குடா தண்ணி வரணும், களவாண்டவளுக்கு வரட்டும்னு சொல்லி அனுப்பிச்சேன். அதுக்கு முந்தி ஒரு வாத்தியாரு வந்தாரு. சாடி எந்தக் காலம், கழுத்து எப்படி இருந்துச்சு, மூடி எப்படி இருந்துச்சுன்னு அதையே கேட்டாரு. எடுத்தது யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல. படிச்சவுக புத்தி அம்புட்டுத்தான்.

நீயாவது ஒழுங்காக் கேளு, நான் ஒழுங்காச் சொல்றேன்.

அந்தா, பச்சையா ஒரு கோடு மாதிரி தெரியுதுல்ல, அதான் கொம்பன் தீவு. ஆளும் கிடையாது, வீடும் கிடையாது. நாலு பூவரச மரம், தாழம்புதரு, மிச்சம் மண்ணு. நாங்க பொம்பளைக அங்க கடல்பாசி எடுக்கப் போவோம். ஒரு வல்லத்துல பத்துப் பன்னெண்டு பேரு. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, விரலு பூராம் துணியைச் சுத்திக்கிட்டு, கால்ல தகரத் தட்டைக் கட்டிக்கிட்டு இறங்குவோம். தட்டு எதுக்குன்னு கேக்காத. மீனுக்கு வாலு எதுக்கோ அதுக்குத்தான்.

பாசிக்கு ஒத்தையில இறங்கக் கூடாது. ஜோடியாத்தான் இறங்கணும். ஒருத்தி முங்குவா, ஒருத்தி மேல மிதந்துக்கிட்டுப் பாப்பா. கீழ போறவ மூச்சைப் பிடிக்கும்போதே மேல இருக்குறவளும் பிடிக்கணும். தனக்கு மூச்சு முட்டி, அப்பவும் அவ மேல வரலேன்னா, இவ இறங்கித் தூக்கணும். அப்படி எனக்கு ஜோடி குருவம்மா. சமைஞ்ச காலத்துல இருந்து அவதான். எங்க வீட்டுக்காரவுக எனக்கு மாலை போட்டதுகூட அதுக்கு அப்புறந்தான்.

அவ எப்படிப்பட்டவன்னு முதல்ல தெரிஞ்சுக்க. அவ புருசன் கடலுக்குப் போனவன் திரும்பல. வல்லத்தோட ஒரு பலகைகூட ஒதுங்கல. ஊரு கூடி காரியம் பண்ணச் சொல்லுச்சு. இவ மாட்டேன்னுட்டா. "பொணத்தைக் காட்டுங்க, தாலியைக் கழட்டுறேன்"னா. இன்னைக்கு வரைக்கும் நெத்தியில பொட்டு, கழுத்துல மஞ்சக்கயிறு. அவன் வலையைக்கூட யாருக்கும் குடுக்கல, எலி கடிச்சு நாறிக் கிடக்கு. வருவானாம். கடலு இவளுக்குன்னு தனிச் சட்டம் வச்சிருக்கு போல. கல்யாண வீட்டுல இவ முன்னால வந்து நின்னா பொம்பளைக முகத்தைத் திருப்புவாக. நான்தான் இவளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ப் பக்கத்துல உக்கார வைப்பேன். அந்த நன்றி இருந்துச்சா?

சரி, புதையலுக்கு வாறேன். நீ கடிகாரத்தைப் பாக்குற.

அன்னைக்கு நல்ல வெயிலு. கொண்டு போன தண்ணி தீந்து போச்சு. தீவு நடுவுல மண்ணை ஒரு முழம் தோண்டினா நல்ல தண்ணி ஊறும், அதுக்கு நானும் குருவம்மாவும் போனோம். இங்க தோண்டுன்னு இடத்தைக் காட்டினது நான். அதை நல்லா ஞாபகம் வச்சுக்க, இடம் காட்டினது நான். தோண்டினது அவ. தண்ணி வரல, கல்லு வந்துச்சு. கடல்பாறைக் கல்லு மூணு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருந்துச்சு. அதை நகட்டினா கீழ ஒரு சாடி. இந்த உசரம் இருக்கும், பழுப்பு நிறம், வாயில அரக்கு மாதிரி என்னத்தையோ வச்சு அடைச்சிருந்தாக. குருவம்மா கல்லால தட்டி உடைச்சா. உள்ள கையை விட்டா, அழுக்கு அப்பிக் கரிக்கட்டி மாதிரி கட்டி கட்டியாக் காசு வந்துச்சு. நான்தான் ஒண்ணை எடுத்து ஈர மண்ணுல வச்சுத் தேய்ச்சேன். மஞ்சளா மின்னுச்சு தம்பி! ஒரு பக்கம் யாரோ தொப்பிக்காரன், வெள்ளைக்காரன் மூஞ்சி. பொன்னு. ரெண்டு பேரும் உக்காந்து சிரிச்சோம். சின்னப் பிள்ளைக மாதிரி மண்ணை அள்ளித் தலையில போட்டுக்கிட்டுச் சிரிச்சோம்.

அப்புறம் பாரு, இந்த மகராசிக்குத் திடீர்னு ஞானம் வந்துருச்சு. "ராக்கு, மூணு கல்லு இருந்துச்சேடி"ங்கிறா.

உனக்குத் தெரியாது, அது எங்க வழக்கம். தீவுல ஒரு பொருளை வச்சுட்டுப் போறவுக மேல மூணு கல்லு அடுக்கி வைப்பாக. பாசியோ, தண்ணிக் குடமோ, வலையோ. மூணு கல்லு இருந்தா அது வச்ச பொருளு. ஒரு வருசம் ஆனாலும் இன்னொருத்தி தொட மாட்டா. தொட்டவளை எந்த வல்லத்துலயும் ஏத்த மாட்டாக. நல்ல வழக்கந்தான், நான் இல்லேங்கல. ஆனா அது உசுரோட இருக்குறவுகளுக்கு உள்ள வழக்கம். தொப்பிக்காரன் செத்து எத்தனை தலைமுறை ஆச்சு! அவனா வந்து, ஏண்டி என் சாடியைத் தொட்டேன்னு கேக்கப்போறான்?

"வாறேன்னு சொல்லித்தானேடி கல்லை வச்சுட்டுப் போயிருக்கான்"னா. அவ குரலு ஒரு மாதிரி ஆயிருச்சு. எனக்கு விளங்கிருச்சு, இது தொப்பிக்காரனைப் பத்தின பேச்சு இல்ல. அவ புருசன் மேல உள்ள கிறுக்கு. இதுக்கு என்னத்தைச் சொல்ல? எல்லாத்தையும் உள்ள போட்டா. தேய்ச்ச காசைக்கூட என் கையில இருந்து பிடுங்கிப் போட்டா. மண்ணைத் தள்ளினா, கல்லை அடுக்கினா. "யாருகிட்டயும் சொல்லாத"ன்னா. நானும் தலையை ஆட்டினேன். ஆட்டாம? அந்த நேரம் அவ மூஞ்சியைப் பாத்தா பேய் பிடிச்சவ மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரவுககிட்ட மட்டும் சொன்னேன். புருசன்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்றது? அது யாருகிட்டயும் சொன்ன கணக்குல வருமா? அவுக கேட்டதும் சிரிச்சாக. "போடி கூறுகெட்டவளே, செம்பைப் பாத்துட்டுப் பொன்னுங்கிற"ன்னாக. எந்தப் பக்கம், எந்த மரத்துக்கிட்டன்னு சும்மா பேச்சுக்குக் கேட்டாக. சொன்னேன். குப்புறப் படுத்துத் தூங்கிட்டாக.

மனுசன் உழைப்பாளி தம்பி. அதுவரைக்கும் இல்லேன்னாலும் அன்னையில இருந்து உழைப்பாளி. வெயிலு சுள்ளுன்னு முதுகுல அடிக்காம எந்திரிக்க மாட்டாக, மறுநாள் பாரு, கோழி கூவுறதுக்கு முந்தியே எந்திரிச்சு, நண்டு வலை அத்துக்கிட்டுப் போச்சுன்னு ஒத்தையா வல்லத்தை எடுத்துட்டுப் போனாக. உச்சி வெயிலுல வந்தாக. உள்ளங்கை ரெண்டும் கொப்புளம். நங்கூரக் கயிறு அறுத்துருச்சுன்னாக. நான்தான் விளக்கெண்ணெய் தடவி விட்டேன். நண்டு ஒண்ணுகூட இல்ல. கடலு அன்னைக்கு அப்படி.

அதுக்கு மறுநாள் நான் தீவுக்குப் போனேன். எடுக்கப் போகல. பத்திரமா இருக்கான்னு பாக்கப் போனேன். சாக்கு எதுக்குக் கொண்டு போனேன்னா, போற வழியில பாசி கிடந்தா அள்ளலாம்னு. போய்ப் பாத்தா குழிதான் இருக்கு. சாடி இல்ல. கல்லு மூணும் மூணு பக்கம் எறிஞ்சு கிடக்கு.

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! யோக்கியம் பேசினாளே, வச்ச பொருளைத் தொடக் கூடாதுன்னு வேதம் ஓதினாளே, என்னைக் கிளப்பி விட்டுட்டு அவளே போய் எடுத்துக்கிட்டா. வேற யாரு எடுத்திருப்பா? இடம் தெரிஞ்சது அவளுக்கும் எனக்குந்தான். நேரா அவ குடிசை வாசலுக்குப் போய் நின்னு, தெருவே கேக்குற மாதிரிக் கேட்டேன். அவ மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தா. அரிவாமணையில கையை வச்சபடியே என்னை நிமிந்து பாத்தா. "சாடி அங்க இல்லையா?"ன்னா. என்ன நடிப்பு! "நீ யாருகிட்டடி சொன்ன?"ன்னு என்னையவே திருப்பிக் கேக்குறா.

ஊருக்கு விசயம் போயிருச்சு. வல்லத்துல போன மத்த பொம்பளைக எல்லாம், எங்களுக்கும் பங்கு உண்டே, எப்படி மறைக்கலாம்னு குதிச்சாளுக. சரி, காளியாத்தா கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிரட்டும்னு ஊருத் தலைவரு சொல்லிட்டாரு.

எங்க காளியைப் பத்தி உனக்குத் தெரியாது. அவ முன்னால பொய்ச் சத்தியம் பண்ணின ஆம்பளை நிலைக்க மாட்டான். பொம்பளை பண்ணினா அவ வீட்டு ஆம்பளை நிலைக்க மாட்டான். பண்டாரம்னு ஒருத்தன் இருந்தான். வலையைத் திருடிட்டு, நான் தொடலேன்னு சூடத்தை அணைச்சான். வல்லம் மட்டும் கரைக்கு வந்துச்சு. அதனால இந்த ஊருல பொய் சொல்லுவாக, களவாங்குவாக, சூடத்துக்கிட்ட மட்டும் போகமாட்டாக. சத்தியத்துக்கு மறுத்தா அந்த ஆளுதான் கள்ளன். அதோட விசாரணை முடிஞ்சது, மிச்ச ஆளு பண்ண வேண்டியது இல்ல. அதுதான் சட்டம்.

தலைவரு கேட்டாரு, இடம் தெரிஞ்ச ஆளு யாரு யாருன்னு. நானும் அவளும்னேன். குருவம்மா என்னைப் பாத்து, "வேற யாருக்கும் தெரியாதா ராக்கு?"ன்னு மெதுவாக் கேட்டா. நான் எதுக்கு மறைக்கணும்? "என் வீட்டுக்காரவுகளுக்குச் சொன்னேன், அவுக என்ன அந்நியமா?"ன்னேன். அப்ப மூணு பேரும் பண்ணுங்கன்னாரு தலைவரு. முதல்ல நான், அடுத்து குருவம்மா, கடைசியா எங்க வீட்டுக்காரவுக.

நான் போனேன். தட்டுல சூடம் எரியுது. நான் எடுக்கல ஆத்தான்னு சொல்லி ஒரே அடி, உள்ளங்கையால அணைச்சேன். கை சுடக்கூட இல்ல. சுத்தமானவளுக்குச் சுடாது.

அடுத்து அவ. புதுச் சூடத்தைக் கொளுத்தினாக. அவ கையைத் தூக்கிட்டா. தூக்கின கை அப்படியே நின்னுச்சு. எனக்குப் பின்னாடி எங்க வீட்டுக்காரவுக நிக்கிறாக. பாவம், அவுக சட்டையெல்லாம் வேர்வையில ஒட்டிக் கிடக்கு, என் முந்தானையைப் பிடிச்சிருக்காக. அடுத்தவளுக்கு ஒண்ணுன்னாலும் அம்புட்டுப் பதறுற மனசு. குருவம்மா அவுகளைப் பாத்தா. அப்புறம் என் கழுத்தைப் பாத்தா. என் தாலியை. ரொம்ப நேரம் பாத்தா தம்பி, பொறாமைக்கு ஒரு அளவு வேணாமா? பாத்துட்டுக் கையை இறக்கிட்டா.

"நான் சத்தியம் பண்ண மாட்டேன்"னா.

"அப்ப நீதான் எடுத்தியா?"ன்னாரு தலைவரு.

"எடுத்தேன்னு நான் சொல்லல. சத்தியம் பண்ண மாட்டேன்னுதான் சொன்னேன். எப்படி வேணும்னாலும் வச்சுக்கங்க"ன்னுட்டு, சேலையை உதறிக்கிட்டு நடந்துட்டா.

சூடம் அது பாட்டுக்கு எரிஞ்சு முடிஞ்சுச்சு. எங்க வீட்டுக்காரவுக அங்கேயே உக்காந்துட்டாக. நான்தான் தூக்கி விட்டேன்.

எனக்கு ஒண்ணுதான் இன்னும் விளங்கல. பொய்ச் சத்தியத்துக்குப் பலி போறதுக்கு அவ வீட்டுல ஆம்பளையே கிடையாது. எதுக்குப் பயந்தா? கேட்டா, தன் புருசன் வருவான்னு நம்பிக்கிட்டு இருக்கால்ல, அவனுக்காகப் பயந்திருப்பான்னு எங்க வீட்டுக்காரவுக சொல்றாக. இருக்கும். கள்ளிக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்.

அதுக்கு அப்புறம் எந்த வல்லத்துலயும் அவளை ஏத்தல. யாரும் ஜோடி சேரல. நான் சேருவேனா? நல்லாக் கேட்ட! அவளுக்கு என்ன, இருக்குற சாடியைத் திறந்து ராணி மாதிரி வாழ வேண்டியதுதானே? வாழ மாட்டா. அதுதான் கள்ளத்தனம். அதே குடிசை, அதே ஓட்டை. கஞ்சியும் கருவாடும். செலவு பண்ணினா ஊரு கண்டுபிடிச்சுரும்னு பொன்னு மேல படுத்துக்கிட்டுப் பட்டினி கிடக்குறா. என்ன ஒரு அழுத்தக்காரி பாத்தியா!

ஆத்தா எங்களைக் கைவிடல. சத்தியம் பண்ணினவளுக்குக் கூலி குடுத்தா. எங்க வீட்டுக்காரவுக மூட்டு வலின்னு மதுரைக்கு வைத்தியத்துக்குப் போனாக. போய்ட்டு வந்தாக, வலியும் போச்சு, போன இடத்துல பழைய கூட்டாளி ஒருத்தரு மூலமா ஏதோ சீட்டும் விழுந்துச்சு. ஃபைபர் படகு வாங்கினாக. அடுத்த வருசம் இன்னொண்ணு. மாடி வீடு கட்டினோம். எனக்கு இந்தச் சங்கிலி. பாரு, பாரு, தொட்டுப் பாரு. இந்த மாதிரிப் பொன்னு இப்பக் கிடைக்காதுன்னு ஆசாரியே சொன்னாரு, பழைய பொன்னு நிறமாம். கடலுக்குப் போக வேணாம்னு அவுக சொல்லிட்டாக. பெரிய மனுசன் பொண்டாட்டி பாசி எடுக்கப் போனா அசிங்கமாம்.

நான் இங்க வந்து உக்காருறது சும்மா காத்து வாங்க. அப்படியே அவளையும் ஒரு கண்ணு பாக்க வேண்டியிருக்கு. அந்தா கறுப்பா ஒண்ணு தெரியுதே, அதான் அவ. இந்த வயசுல கரையில இருந்தே நீந்திப் போய் ஒத்தையா முங்குறா. கரைக்குக் கிட்ட உள்ள பாறைத் திட்டுல இருக்குறது அழுக்குப் பாசி, அதை யாரும் எடுக்க மாட்டாக, அதைத்தான் அவ எடுக்குறா. மிச்சம் மீதிப் பொன்னை எங்கயாவது கடலுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காளோ என்னமோ. ஒருத்தி கவனிக்க வேணாமா? அவ முங்கினா நானும் இங்க உக்காந்துக்கிட்டே மூச்சைப் பிடிக்கிறேன். பழக்க தோசம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

போன வாரம் ஒரு கூத்து நடந்துச்சு. அதை வெளி ஆளு யாருக்கும் நான் சொல்லல. முங்கினவ வரல. எனக்கு மூச்சு முட்டிருச்சு, விட்டுட்டு மறுபடி பிடிச்சேன், அதுவும் முட்டிருச்சு. வரல. நான் ஓடினேன். எதுக்கு ஓடினேன்னு கேக்காத. பட்டுச் சேலை, கழுத்துல சங்கிலி, அப்படியே கடலுக்குள்ள இறங்கினேன். "குருவு, குருவு"ன்னு கத்துறேன். கழுத்து மட்டும் தண்ணி வந்துருச்சு. எனக்கு உசுரே போயிருச்சு தம்பி, அது நிசம்.

அப்ப அங்கிட்டு ஒரு பக்கமா வந்தா. மூக்குல ரத்தம். என்னைப் பாத்தா. கோயில்ல கையை இறக்கினவ, அதுக்கு அப்புறம் என்கிட்ட ஒரு சொல்லு பேசினது இல்ல. என் பேத்தி பிறந்து பள்ளிக்கூடத்துக்கும் போயிட்டா, அம்புட்டு வருசம். இப்பக் கிட்ட வந்து, மூச்சு இரைக்க இரைக்க என்ன கேட்டா தெரியுமா?

"அவுக நல்லா இருக்காகளாடி?"

"யாரு?"ன்னேன்.

"உன் வீட்டுக்காரவுகதான்."

எப்படி இருக்கு? ஏண்டி இறங்கி வந்தேன்னு கேக்கல, நீ நல்லா இருக்கியான்னு கேக்கல. என் புருசன் நல்லா இருந்தா இவளுக்கு என்ன, இல்லேன்னா இவளுக்கு என்ன? "நல்லாத்தான் இருக்காக"ன்னேன் வெடுக்குன்னு. "அப்பச் சரி"ன்னா. என் கழுத்துல கிடந்த சங்கிலி பக்கம் கண்ணைத் திருப்பவே இல்ல. மூக்கைத் துடைச்சுக்கிட்டு மறுபடி முங்கிட்டா. நான் அந்தத் தண்ணிக்குள்ளயே நின்னு அழுதேன். கோவத்துலதான். வேற எதுல?

வீட்டுக்கு வந்து அவுககிட்ட சொன்னேன், இந்தக் கள்ளிக்கு இருக்குற திமிரைப் பாத்தீகளான்னு. சாப்பிட்டுக்கிட்டு இருந்த மனுசன் பாதியில கையைக் கழுவிட்டாக. "அவ இன்னொரு தடவை கேட்டான்னா, நான் செத்துட்டேன்னு சொல்லிரு"ன்னாக. என்ன பேச்சு இது? அன்னையில இருந்து என்கிட்டயும் சரியாப் பேசல.

என்ன தம்பி அப்படிப் பாக்குற? இம்புட்டு நேரம் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டு இருந்த, இப்ப மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? என்னமோ சொல்ல வார. வேணாம். கேக்கத்தானே வந்த, கேட்டாச்சுல்ல? நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கல. எந்திரி. பொழுது ஆகுது, பஸ்ஸு போயிரும்.

போற வழியில பச்சை பெயிண்டு அடிச்ச மாடி வீடு வரும், அது எங்க வீடுதான். வாசல்ல நாற்காலி போட்டு அவுக உக்காந்திருப்பாக. பாத்தா ஒரு வணக்கத்தைச் சொல்லிட்டுப் போயிரு. சாடியைப் பத்தி மட்டும் அவுககிட்ட எதுவும் கேட்டுறாத.